கத்திரியில் மௌனமாகிவிட்ட மாடித்தோட்டக்காரர்களுக்கு



தை மாதத்தில் கைப்பேசியைத் திறந்தால் தக்காளிப் படமாக வந்து விழுந்தது. முறம் நிறையத் தக்காளி, கையில் அடங்காத முள்ளங்கி, அளவு காட்டப் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம். மாசி, பங்குனி வரைக்கும் அந்த உற்சாகம் தாங்கியது. சித்திரை பிறந்து கத்திரியும் தொடங்கியதும் எல்லோரும் சொல்லிவைத்தாற்போலப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வைகாசி முதல் வாரம் ஆகிறது. ஒருவர் மாடியிலிருந்தும் படம் இல்லை. எதிர்ப்பட்டுக் கேட்டால், “எல்லாம் போச்சு சார், ஆடியில பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அந்த மௌனத்தைப் பார்த்துத்தான் இந்த மடல். இதை எழுதுபவருக்கு மேற்குத் தாம்பரத்தில் மூன்றாவது மாடிக்கு மேல் அறுநூறு சதுர அடி மொட்டைமாடி, நாற்பது பைகள், வெட்டிய நீல டிரம் ஆறு. வேளாண்மை படித்தவர் இல்லை. செத்த செடிகளின் எண்ணிக்கையில் யாருக்கும் சளைத்தவரும் இல்லை. கோடை நடுவில் ஒரு வீட்டுத்தோட்டம் உள்ளபடி எப்படி இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடலாமே என்று உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் தக்காளி. எல்லோருக்கும் புண் அங்கேதான் இருக்கிறது. எழுதுபவர் மாடியில் எட்டுப் பை தக்காளி. கத்திரி தொடங்கிய நாளிலிருந்து தினமும் மஞ்சளாகப் பூக்கிறது, மூன்றாம் நாள் காம்பின் கணுவோடு உதிர்கிறது. காலையில் பெருக்கினால் முறத்தில் ஒரு பிடி பூ. நாற்று விற்ற கடைக்காரர், “ஹைபிரிட் சார், எந்த வெயிலுக்கும் காய்க்கும்” என்று அடித்துச் சொல்லியிருந்தார். அவர் கடை எதுவாகவோ இருக்கட்டும். ஆண்டிஸ் மலைப்பக்கத்து வம்சமான தக்காளிக்கு அவர் சொன்னது தெரியாது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24, 25-க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் மலடாகிவிடும். சென்னையில் மே மாதத்து இரவு 27, 28 டிகிரியில் நிற்கிறது. ஆகவே பூ உதிர்வது உரக்குறையும் இல்லை, கண்ணேறும் இல்லை. அதற்கு மேலும் மேலும் மோர் ஊற்றுவதும் பெருங்காயத் தண்ணீர் தெளிப்பதும் ஊற்றுகிறவர் மனசாந்திக்கு மட்டும் பயன்படும்.

ஏற்கெனவே பிடித்த காய்களும் இந்த நாட்களில் பழுக்கும்போது சிவப்பதில்லை. வெளிறிய ஆரஞ்சு நிறத்தோடு நின்றுவிடுகின்றன. 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறமியான லைகோபீன் உருவாவது மங்கி, மஞ்சள் நிறமிகள் மட்டும் வேலை செய்கின்றன. நிறம் வராத காயைச் செடியிலேயே விட்டுக் காத்திருந்த எழுதுபவருக்குக் கிடைத்தது அணில் கடித்த பாதித் தக்காளி. இப்போது நிறம் திரும்பும்போதே பறித்துச் சமையலறை நிழலில் வைக்கிறார். அங்கே அது ஒழுங்காகச் சிவக்கிறது.

இது மாடிக்கு மட்டும் நேர்கிற விஷயம் இல்லை. கோயம்பேட்டுக்குத் தக்காளி அனுப்பும் கோலார், மதனப்பள்ளி வயல்களுக்கும் கோடை உண்டு. ஆண்டுதோறும் ஜூன், ஜூலையில் விலை துள்ளுவதற்குப் பல காரணங்களில் கோடையில் பிடிக்காமல் போன பிஞ்சும் ஒன்று. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது நினைவிருக்கும். ஏக்கர் கணக்கில் போடுபவரையே ஆட்டிவைக்கிற வெயில் எட்டுப் பைக்காரரை விட்டுவைக்குமா?

கத்திரி என்ற பெயருக்கே ஒரு வார்த்தை. பஞ்சாங்கப்படி சூரியன் பரணியின் பின்பகுதியிலிருந்து கார்த்திகையைக் கடந்து ரோகிணித் தொடக்கம் வரை போகிற நாட்கள் இவை. ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை. வானிலை ஆய்வு மையத்துக்கு இப்படி ஒரு கணக்குக் கிடையாது. வெயிலும் பஞ்சாங்கத்தைப் பார்த்து இறங்குவதில்லை. சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31-ல், கத்திரி முடிந்த பிறகு. கடல்காற்று மதியத்துக்குள் ஊருக்குள் நுழைந்துவிட்டால் செடிகளுக்கு அன்றைய நாள் தப்பியது. மேற்குக் காற்று அதைத் தடுத்து மூன்று மணி வரை வரவிடாமல் செய்தால் அன்று கருகல்தான். எழுதுபவர் காலண்டரைக் கிழிப்பதைவிட்டுவிட்டு, எதிர்வீட்டுக் கொடியில் தொங்கும் புடவை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

பைக்குள் என்ன நடக்கிறது என்று போன வாரம் ஒரு சோதனை செய்தார். மதியம் இரண்டு மணி. வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை எடுத்துப்போய், கறுப்புப் பை ஒன்றின் மேற்குப் பக்க ஓரமாக இரண்டு விரற்கடை ஆழத்தில் செருகினார். எண் ஓடி ஓடி, கடைசியில் தன்னால் இதற்கு மேல் அளக்க முடியாது என்று அறிவிக்கும் ‘எச்’ எழுத்தைக் காட்டிவிட்டது. அதாவது 42-ஐத் தாண்டியாயிற்று. மனிதருக்கென்றால் ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருப்பார்கள். அதே பையை வெள்ளை அரிசிச் சாக்கில் சுற்றி, அடியில் இரண்டு செங்கல் கொடுத்து, மண்மேல் காய்ந்த வேப்பஞ்சருகை நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டு மறுநாள் அதே நேரம் செருகியபோது தெர்மாமீட்டருக்கு எண் சொல்ல முடிந்தது. (அந்தத் தெர்மாமீட்டர் இனிமேல் தோட்டத்துக்கே சொந்தம் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது.)

பச்சை நிழல்வலை கட்டுவதில் எல்லோரும் ஒரு தப்பைச் செய்கிறார்கள். 75 சதவீத வலையை வாங்கி மாடி முழுக்க இறுக்கிவிடுகிறார்கள். செடி வாடாது, நெடுநெடுவென்று வெளிறி வளரும், காய்க்காது. காய்கறிக்கு 50 சதவீத வலையே அதிகம். அதுவும் மேற்குப் பக்கமும் உச்சியும் போதும். கிழக்கு வெயில் செடிக்குச் சாப்பாடு.

தண்ணீர் விஷயத்தை மெதுவாகவே சொல்ல வேண்டும். நம் பைகளில் பெரும்பாலும் தென்னைநார்க் கழிவுதான் பாதி. 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் அரசு ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்று மானியத்தில் மாடித்தோட்டப் பைகளைக் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து நார்க்கழிவு நகரத்துக்குள் வந்துவிட்டது. எடை குறைவு, ஈரம் பிடிக்கும், எல்லாம் சரி. ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் அது தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளாது. மேலே ஊற்றியது பையின் ஓரமாக வழிந்து, கீழ்த் துளை வழியே ஓடிவிடும். துளையில் தண்ணீர் வந்துவிட்டதே என்று நாம் அடுத்த பைக்குப் போகிறோம். நடுவில் வேர்க்கட்டி உலர்ந்த ரஸ்க் மாதிரி இருக்கிறது. எழுதுபவரின் மூன்று கத்தரிச் செடிகள் தினமும் தண்ணீர் ஊற்றப்பட்டே தாகத்தில் செத்தன. பையைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இப்போது அவர் மண்ணைப் பார்ப்பதில்லை, பையை ஒரு பக்கம் தூக்கிப் பார்க்கிறார். கனம் இருந்தால் ஈரம். கனமில்லாத பையை ஒரு பழைய டப்பில் அரைமணி நேரம் உட்காரவைக்கிறார்.

அடுத்தது குழாய். மாடியில் கிடக்கும் கறுப்பு ஓஸ் பைப்பில் தங்கியிருக்கும் தண்ணீர் மாலை நாலரை மணிக்குக்கூட டீ போடலாம்போலக் கொதிக்கிறது. அதை நேராகச் செடியின் அடியில் பிடித்தால் வேர் அவிந்துவிடும். முதல் தண்ணீரை வாளியில் பிடித்து ஆறவிட்டு, விரலை நீட்டிப் பார்த்த பிறகே செடிக்குத் திருப்ப வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் போன வருஷம் ஒரு வரிசைக் கீரையை எழுதுபவர் இப்படித்தான் மசித்தார், செடியிலேயே.

நாற்பது பைக்குக் கோடையில் நாளுக்கு நூறு லிட்டர் சாதாரணமாகப் போகும். லாரித் தண்ணீர் வாங்குகிற தெருவில் இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. அந்த வருஷம் எத்தனையோ மாடித்தோட்டங்கள் கைவிடப்பட்டன. அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. பிழைத்த சிலவற்றைப் பிழைக்கவைத்தது அரிசி களைந்த தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் ஏசித் தண்ணீரும்தான். சென்னைப் புழுக்கத்தில் இரவெல்லாம் ஓடும் ஏசி காலைக்குள் அரைவாளிக்குக் குறையாமல் தருகிறது. அதில் உப்பே இல்லை, செடிக்கு அமிர்தம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் அதற்கு நேர் எதிர். வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைத் தொடர்ந்து ஊற்றினால் மண்மேல் வெள்ளைப் படலம் பூக்கும், இலை ஓரம் தீய்ந்து வரும். இரண்டையும் கலந்து ஊற்றுகிறவர்கள் உண்டு, எழுதுபவர் ஆர்.ஓ. தண்ணீரைத் தரை துடைக்கத் தந்துவிடுகிறார்.

இனி நல்ல செய்திகள். அவையும் இருக்கின்றன.

வெண்டைக்கு இந்த வெயில் பொங்கல் மாதிரி. ஆப்பிரிக்க வழிவந்த செடி, சூட்டில்தான் அதற்கு உடம்பு தேறும். சித்திரைத் தொடக்கத்தில் ஊன்றிய பன்னிரண்டு செடிகள் இந்த வாரம் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. காலையில் மஞ்சள் பூ விரியும், நடுவில் கருஞ்சிவப்புக் கண், சாயங்காலம் சுருங்கும். ஐந்தாம் நாள் காய். ஆறேழு நாள் ஆனால் கயிறு. சந்தையில் நுனி ஒடித்துப் பார்த்துக் கடைக்காரரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளும் பழக்கத்தைச் சொந்த மாடியில் தாராளமாகப் பின்பற்றலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். முற்றவிட்டால் செடி விதைக்குப் போய்விட்டு அடுத்த பூவை நிறுத்திவிடும். இலை நரம்பு மட்டும் மஞ்சளாக வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த நரம்புத் தேமல். மருந்து கிடையாது. பிடுங்கிவிடுவதுதான். அதற்கு ஓரளவு தாங்கும் ‘அர்கா அனாமிகா’ ரகத்தைப் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்து பல காலமாகிறது.

கொத்தவரையை யாரும் படம் எடுப்பதே இல்லை. ஏனோ அதற்கு மதிப்பில்லை. ஆனால் நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் நிமிர்ந்து நிற்கும் செடி எழுதுபவரின் மாடியில் அது ஒன்றுதான். தண்டோடு ஒட்டிக்கொண்டு கொத்துக்கொத்தாகக் காய்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை பருப்பு உசிலி ஆயிற்று.

தண்டுக்கீரை, சிறுகீரை இரண்டும் வெயிலைப் பார்த்துச் சிரிக்கின்றன. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தக்காளி, கத்தரி போன்ற பெரும்பாலான செடிகள் கடும் சூட்டில் இலைத்துளையை மூடிக்கொள்ளும்போது கரியமிலவாயு குறைந்து, உணவு தயாரிக்கிற வேலையே பாதி வீணாகிவிடுகிறது. கரும்பும் மக்காச்சோளமும் கம்பும் அந்த வாயுவை இலைக்குள்ளேயே செறிவாகச் சேர்த்துவைத்துப் பயன்படுத்தும் வேறொரு முறையை வைத்திருக்கின்றன. இந்தக் கீரைகளும் அந்தக் கூட்டம். சிறுகீரையை விதைத்தால் இருபத்தைந்து நாளில் பொரியல். கொத்தமல்லிக்கு இந்தத் திறமை கிடையாது. முளைத்த வேகத்தில் பூத்துவிட்டுப் போய்விடும். அதை இப்போது விதைத்து ஏன் மனம் நோக வேண்டும்?

கத்தரி, இரண்டுங்கெட்டான். ஊர் வழக்கத்துச் செடிதான், நம் மண்ணுக்குரியதுதான். ஆனாலும் இந்தச் சூட்டில் பூவை வகைபிரித்துக்கொள்கிறது. ஒரு பூவைத் திருப்பி உள்ளே பாருங்கள். மஞ்சள் மகரந்தக் குழல்களுக்கு நடுவே பச்சை நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது காயாகும். குழலுக்குள் அமுங்கிக் குட்டையாக இருந்தால் உதிர்ந்துவிடும். எழுதுபவரின் வேலூர் முள்ளுக்கத்தரியில் நேற்று எண்ணியதில் பதினொன்றுக்கு நான்குதான் நீட்டிக்கொண்டிருந்தது. நுனித்தண்டு வாடித் தொங்கினால் மட்டும் வெயிலைக் குறைசொல்ல வேண்டாம். உள்ளே தண்டுத்துளைப்பான் புழு இருக்கும். வாடிய நுனியை ஒரு விரல் கீழே கிள்ளி நசுக்கிவிட வேண்டும்.

மிளகாயில் இலை சுருட்டை கண்டதும் எல்லோரும் வேப்பெண்ணெயை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எந்தப் பக்கம் சுருள்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. படகுபோல மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கவிழ்த்த ஓடம்போலக் கீழ்நோக்கிச் சுருண்டால் மஞ்சள் முரணைச் சிலந்தி. இரண்டும் இரண்டு பிராணிகள். ஒன்றுக்கு அடிக்கும் மருந்து மற்றதைத் தொடாமலும் போகலாம். எழுதுபவருக்கு மேல்நோக்கி. காலையில் இலையின் அடிப்பக்கத்தில் படும்படி வெறும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதே பாதி வைத்தியம்.

பழங்களுக்கு வருவோம். டிரம்மில் நிற்கும் ஒட்டு மா, மாசியில் கொத்துக்கொத்தாகப் பூத்தது. வந்தவர்களெல்லாம், “இந்த வருஷம் கூடை கூடையா எடுக்கப்போறீங்க” என்றார்கள். மாம்பூவில் நூற்றுக்கு ஒன்றுகூடப் பழமாவதில்லை. வடுவாக உதிர்ந்ததைப் பொறுக்கிக் கீழ்வீட்டு அக்கா உப்பும் கடுகும் போட்டு ஊறவைத்துவிட்டார். மிச்சம் ஐந்து காய் இருந்தது. அதில் இரண்டை அணில் எடுத்துக்கொண்டது. மீதி மூன்றைப் பழைய காலுறைக்குள் போட்டுக் கட்டியிருக்கிறது. பழ ஈ முட்டையிட வருவதற்கும் அதுவே தடை. மூன்று மாம்பழத்துக்காக ஒரு டிரம் மண்ணா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தடை என்று தெரிந்தும் சந்தையில் முகர்ந்து முகர்ந்து பார்த்து வாங்குகிற ஊரில், மரத்திலேயே மணம் வந்த ஒரு பழத்துக்கு விலை போடுவது கஷ்டம்.

எலுமிச்சை கோலிக்குண்டு அளவில் நிற்கிறது. மாதுளையில் இரண்டு காய் வெடித்தது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் கொட்டியதன் கூலி.

பப்பாளியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இலையடியில் வெள்ளை மாவு பூசியதுபோல மாவுப்பூச்சி ஏறியிருக்கிறது. வறண்ட சூடு அதற்குப் பிடித்த பருவம். இந்தியாவில் முதன்முதலாக 2008-ல் கோவையில் கண்டறியப்பட்ட இந்தப் பப்பாளி மாவுப்பூச்சி இரண்டே ஆண்டில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று தமிழ்நாடு முழுக்கப் படர்ந்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. மாவும் மெழுகும் அதற்குக் கவசம். 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் இயற்கை எதிரிகளான குட்டிக் குளவிகளைக் கொண்டுவந்து, பெருக்கி, ஊர் ஊராக விட்டார்கள். ‘அசரோபாகஸ் பப்பாயே’ என்று பெயர், கொசுவைவிடச் சிறிது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதையே தின்று வெளிவரும். சில மாதங்களில் தொல்லை அடங்கியது. அந்தக் குளவியின் சந்ததி இன்றும் நம் மாடிகளுக்கு வருகிறது. மாவுக்கூட்டத்துக்குள் பழுப்பாக, உப்பி, கெட்டியாகச் சில பூச்சிகள் தெரிந்தால் உள்ளே குளவி இருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்த பிறகும் மருந்துப் புட்டியைத் தூக்குகிறவர் சம்பளமில்லாத வேலைக்காரனை அடித்துத் துரத்துகிறார். எழுதுபவரின் பப்பாளியில் போன வாரம் அப்படி ஆறேழு பழுப்பு உருண்டைகள் தென்பட்டன. அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். மனைவிக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது.

உரம்? இந்த மாதம் வாயைக் கட்டவும். சித்திரைக் கடைசியில் செடிகள் சோர்ந்திருக்கின்றனவே என்ற இரக்கத்தில் எழுதுபவர் கடலைப்புண்ணாக்கைக் கரைத்துக் கெட்டியாக ஊற்றினார். ஈரமில்லாத பையில், கொதிக்கிற வேரில். இரண்டு மிளகாய் போயிற்று. வாடை எதிர்வீட்டுக்குப் போனது. அங்கே அன்று பெண்பார்க்க வந்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

கொடிகளைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. சுரை, புடல், பீர்க்கு எல்லாவற்றுக்கும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. நீண்ட பகலும் கடும் சூடும் சேர்ந்தால் கொடி ஆண் பூவாகவே தள்ளும். காய் வரவில்லையே என்று கொடியை அறுத்தவர்கள் எத்தனை பேர்! பெண் பூவுக்குப் பின்னால் குட்டிக் காய் ஒன்று ஒட்டியிருக்கும்; ஆணுக்கு வெறும் காம்பு. சுரை வெள்ளையாகச் சாயங்காலத்தில் மலர்கிறது, அந்துப்பூச்சிகளை நம்பி. மூன்றாவது மாடிக்கு அந்துப்பூச்சி வருவது அரிது என்பதால் எழுதுபவர் ஏழு மணிக்கு டார்ச்சோடு போகிறார். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மூன்றுமுறை ஒற்றி எடுக்கிறார். பிடித்துவிட்டால் நாலாம் நாள் பிஞ்சு தடிக்கும்; பிடிக்காவிட்டால் மஞ்சளாகிச் சுருங்கும். பீர்க்கும் மாலைதான். பாகலும் பூசணியும் காலை. பத்து மணிக்குப் போனால் பூசணி கதவைச் சாத்தியிருக்கும்.

நேற்று மாலை நிலவரம்: சுரைக்கொடியில் ஆண் பூ ஒன்பது, பெண் பூ ஒன்றுகூட இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் மூன்று நாளாகப் பெண் பூ மலர்ந்து துணையில்லாமல் உதிர்வதாகக் கேள்வி. நேற்று அங்கிருந்து ஒரு பையன் டிபன் டப்பாவோடு வந்து நான்கு பூ வாங்கிக்கொண்டு சைக்கிளில் பறந்தான். உங்களில் வேறு யாருக்காவது தேவைப்பட்டால் தயங்க வேண்டாம். ஆறேமுக்காலுக்கு மேல் ஏழரைக்குள் வரவும். லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியேற வேண்டும். வரும்போது வீட்டில் வெள்ளை அரிசிச் சாக்கு கிடந்தால் இரண்டு கொண்டுவரவும், இன்னும் பதினாறு பை சுற்றாமல் வெயிலில் நிற்கிறது.

அன்புடன்,
மேற்குத் தாம்பரத்து மாடிக்காரர் ஒருவர்